நாளுக்கொரு ஒட்டுப்படம்: ஒரு கொள்கைப் பிரகடனம்

நாங்கள் பழைய புத்தகங்களில் உள்ள படங்களை வெட்டுகிறோம். வெட்டிய துண்டுகளை வேறோர் ஒழுங்கில் சேர்த்து ஒட்டி, அஞ்சலட்டை அளவில், நாளுக்கொரு புதுப்படம் செய்கிறோம். எங்களில் ஓவியக் கல்லூரியில் படித்தவர்களும் உண்டு. பள்ளிக்கூடத்தோடு வரைவதை விட்டவர்களும் உண்டு. இதுவரை கேட்டவர்களிடமெல்லாம் இதைப் பொழுதுபோக்கு என்று சொல்லிவந்தோம். இனி அப்படிச் சொல்ல மாட்டோம். பழைய அச்சுப்படத்தைப் படிப்பதற்கு இருக்கிற வழிகளில் ஆகச் சிறந்தது அதை வெட்டிப் பார்ப்பதுதான் என்று நம்புகிறோம். அந்த வாசிப்பை நாள்தோறும் செய்யவும், மற்றவர்களை அழைக்கவும், அதற்கென்று ஓர் ஒழுக்கத்தை வகுத்துக்கொள்ளவும் இந்தப் பிரகடனத்தை எழுதுகிறோம்.

வெட்டுவது எப்படி வாசிப்பாகும் என்று கேட்பீர்கள். 19-ஆம் நூற்றாண்டுப் பறவை நூல் ஒன்றிலிருந்து ஒரு கொக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கம் புரட்டுகிறவர் இரண்டு நொடி பார்ப்பார்: கொக்கு, தண்ணீர், நாணல். முடிந்தது. கத்தரிக்கோலோடு உட்கார்ந்தவரால் அப்படி நகர்ந்துவிட முடியாது. அலகில் தொடங்கி, கழுத்து வழியாக இறங்கி, முதுகுக்கு வரும்வரை கோடு தெளிவாக வழிகாட்டும். வயிற்றுக்கு அடியில் வந்ததும் கோடு நின்றுவிடும். கொக்கின் வெள்ளை வயிறும் அதற்குப் பின்னாலுள்ள வெளிச்சமும் ஒரே வெள்ளைத் தாள். நடுவில் எல்லை என்று எதுவும் இல்லை. கண்ணால் பார்த்தபோது அங்கே ஒரு வயிறு இருந்தது. கத்தரி போகும்போது அது இல்லை. தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தால்தான் விஷயம் புரியும்: நாணலின் கறுப்புக் கோடுகள் வரிசையாக ஓரிடத்தில் நின்றிருக்கின்றன. அவை நின்ற இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் அதுதான் வயிறு. செதுக்கியவர் வயிற்றை வரையவே இல்லை. அங்கிருந்த மரத்தைத் தோண்டி எடுத்துவிட்டு, சுற்றியிருந்த நாணலை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். எந்தக் கலை வரலாற்று வகுப்பும் இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்லித்தராது.

யாருடைய கைகள்

அந்தச் செதுக்கிய கைகளைப் பற்றி முதலில் பேசியாக வேண்டும். எங்கள் இயக்கத்தின் காரணமே அவைதான்.

இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில் தாமஸ் பெவிக் என்ற செதுக்குநர், பாக்ஸ்வுட் மரத்தை நீளவாக்கில் அறுத்த பலகையை விட்டுவிட்டு, குறுக்காக அறுத்த முகத்தில் செதுக்கும் முறையைத் தேர்ந்த கலையாக்கினார். 1790-இல் அவருடைய விலங்கு நூலும், 1797-இல் பிரிட்டிஷ் பறவைகள் நூலின் முதல் தொகுதியும் வந்தன. குறுக்குமுகத்தில் நாரோட்டம் உளியை இழுக்காது. எத்தனை மெல்லிய கோடும் உடையாமல் நிற்கும். கட்டையின் உயரமும் ஈய எழுத்தின் உயரமும் ஒன்றாக இருந்ததால், இரண்டையும் சேர்த்துப் பூட்டி ஒரே அச்சில் ஓட்ட முடிந்தது. பாடத்துக்கு நடுவிலேயே படம் வருவது எளிதாகவும் மலிவாகவும் ஆனது இதனால்தான். 1842 மே மாதம் லண்டனில் தொடங்கிய ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ வார இதழ், முதல் இதழின் 16 பக்கங்களில் 32 படங்களைப் போட்டது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு காலம் உலகம் தன்னைத் தானே பார்த்துக்கொண்டது பெரும்பாலும் மரக்கட்டை வழியாகத்தான்.

பாக்ஸ்வுட் தண்டு ஒல்லியானது. பெரிய படத்துக்கு ஒரே கட்டை கிடைக்காது. அதனால் சிறு கட்டைகளைப் பின்பக்கம் திருகாணி போட்டுப் பூட்டி, மேலே முழுப்படத்தையும் வரைந்து, பிறகு கழற்றி ஆளுக்கொரு துண்டு கொடுப்பார்கள். ஒருவர் வானத்தைச் செதுக்குவார், இன்னொருவர் கூட்டத்தை, மற்றொருவர் கப்பலின் பாய்மரத்தை. செதுக்கி முடித்ததும் மறுபடி பூட்டி அச்சுக்குப் போகும். அந்தக் காலத்து வார இதழின் பெரிய படம் ஒன்று கைக்குக் கிடைத்தால், வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சில படங்களில் வானத்துக்குக் குறுக்கே நூல் பிடித்த மாதிரி நேராக ஒரு மெல்லிய வெள்ளைக் கீறல் ஓடும். இரண்டு கட்டைகள் சரியாகச் சேராத இடம் அது. கீறலுக்கு இந்தப் பக்கம் மேகத்தின் கோடுகள் ஒரு கையெழுத்து. அந்தப் பக்கம் வேறொரு கையெழுத்து. துண்டுகளைச் சேர்த்துப் படம் செய்வது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. நாங்கள் வெட்டும் படமே துண்டுகளைச் சேர்த்துச் செய்ததுதான்.

படத்தின் கீழ் மூலையில் பெயர் இருக்கும். அது பட்டறையின் பெயர். லண்டனின் டால்ஸியல் சகோதரர்கள் பட்டறையிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான படங்களில் டால்ஸியல் என்று மட்டுமே இருக்கும். வானம் செதுக்கியவரின் பெயர் இருக்காது.

இந்தப் பெயரின்மை நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. சென்னையில் ராபர்ட் வைட் என்ற மருத்துவர், கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர், 1838 முதல் 1853 வரை தென்னிந்தியத் தாவரங்களைக் கல்லச்சில் பதித்து வெளியிட்டார். ‘இக்கோனிஸ் பிளாண்டாரம் இண்டியே ஓரியண்டாலிஸ்’ என்ற அந்த நூலில் 6 தொகுதிகள், 2,101 படங்கள். அவற்றுக்கு மூலமாக வரைந்தவர்களில் முதன்மையானவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். வைட் அந்தப் பெயர்களைப் பதிவு செய்தார். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் ‘கோவிந்தூயா’ என்று ஓவியரின் பெயரையே வைத்தார். இன்றைய வகைப்பாட்டில் அந்தப் பெயர் வழக்கில் இல்லை. ஆனாலும் அந்த ஒரு செயலுக்காக வைட்டை நாங்கள் மதிக்கிறோம். ஏனென்றால் இதே காலத்தில் கம்பெனிக்காகப் பூவும் பறவையும் மீனும் வரைந்த பல ஓவியர்களுக்கு அந்த அளவுகூடக் கிடைக்கவில்லை. வில்லியம் ராக்ஸ்பரோவின் சோழமண்டலக் கரைத் தாவரங்கள் நூலில் 300 வண்ணப் படங்கள் உண்டு. வரைந்தவர்கள் யார் என்று நூல் சொல்வதில்லை.

ஒரு படத்தை வெட்ட எடுக்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது எங்கள் முதல் விதி: இதைச் செய்தவர் யார்? பெயர் தெரிந்தால் உன் படத்தின் பின்பக்கத்தில் எழுது. தெரியாவிட்டால் ‘பெயர் தெரியாத செதுக்குநர்’ என்று எழுது. வெறுமனே விட்டுவிடாதே.

புத்தகத்தை வெட்டலாமா

எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்களின் குரலில் கோபம் இருக்கும். அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறோம். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். சரஸ்வதி பூசையன்று அடுக்கி வைத்த புத்தகத்தை மறுநாள்வரை பிரிக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அங்கே அழிந்த சுமார் 97,000 நூல்களில் வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் இருந்தன. அப்படியொரு நினைவைச் சுமக்கும் மொழியில், புத்தகத்தின் மேல் கத்தரி வைப்பவர் தன் பக்கத்து நியாயத்தை முழுதாகச் சொல்லக் கடமைப்பட்டவர். சொல்கிறோம்.

உயிரோடு இருக்கும் புத்தகத்தை வெட்ட மாட்டோம். கட்டு உறுதியாக இருந்து, பக்கங்கள் முழுமையாக இருந்தால் அது எவ்வளவு சாதாரணப் புத்தகமாக இருந்தாலும் அது வாசகருக்கு உரியது. அரிய புத்தகம் என்றால், அது எவ்வளவு சிதைந்திருந்தாலும் தொட மாட்டோம். குறிப்பாக 1900-க்கு முந்தைய தமிழ் நூல்கள், குஜிலிப் பாட்டுப் புத்தகங்கள், பெரிய எழுத்துக் கதைகளின் பழைய பதிப்புகள், நாடக நோட்டீஸ்கள் ஆகியவற்றில் எது கிடைத்தாலும், பாதி கரையான் தின்றிருந்தாலும், அது நூலகத்துக்குப் போக வேண்டும். கையிலிருப்பது உலகில் எஞ்சிய கடைசிப் படியாக இருக்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்ததில் நூல்களோடு அழைப்பிதழ்களும் துண்டறிக்கைகளும் இருந்தன. அவற்றைக் குப்பை என்று நினைக்காத ஒருவர் இருந்ததால்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஓர் ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. சந்தேகம் வந்தால் கத்தரியைக் கீழே வை. இது எங்கள் விதிகளில் மிகக் கண்டிப்பானது.

அப்படியென்றால் எதை வெட்டுவது? எடைக்கடைக்குப் போங்கள். முதுகு முறிந்த கலைக்களஞ்சியங்கள், பாதிப் பக்கம் போன பழைய ஆங்கிலப் பாடநூல்கள், தொகுதி பிரிந்த சிறுவர் நூல்கள், தையல் கையேடுகள், இயந்திரப் பட்டியல்கள் கிலோ கணக்கில் கிடக்கும். எங்களிடம் வராவிட்டால் அவை கூழாக்கும் ஆலைக்குப் போகும். அவற்றின் தாளும் சாகக் கிடக்கிறது. துணிக்கந்தலில் செய்த பழைய தாள் இருநூறு வருஷம் கழித்தும் வளைந்து கொடுக்கும். 1840-களுக்குப் பிறகு மரக்கூழில் செய்த தாள் வந்தது. மரத்தின் லிக்னினும், மை ஊறாமலிருக்கப் படிகாரம் சேர்த்துச் செய்த பூச்சின் அமிலமும் சேர்ந்து அந்தத் தாளை உள்ளிருந்தே தின்கின்றன. முதலில் ஓரம் பழுப்பாகும், பிறகு மடித்த இடம் ஒடியும், கடைசியில் விரல் பட்டாலே உதிரும். இராமபாணப் பூச்சி தின்றது போக மிச்சத்தை அமிலம் தின்றுவிடும்.

இதற்கும் தயங்குகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. எங்களில் பலர் அதையே விரும்புகிறோம். 2013 டிசம்பரில் பிரிட்டிஷ் நூலகம், 17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரையிலான நூல்களிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்துவிட்டது. உயிரியல் நூல்களுக்குப் ‘பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி’ இருக்கிறது. வைட்டின் தாவரப் படங்களை அங்கே பார்க்கலாம். பக்கத்தை இறக்கி, நல்ல தாளில் அச்செடுத்து வெட்டுங்கள். மூலநூல் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கும். கொக்கின் வயிறு உங்களுக்குப் பாடம் சொல்லும்.

ஒரு கூட்டத்தோடு எங்களைச் சேர்த்துப் பேச வேண்டாம் என்று இங்கேயே சொல்லிவிடுகிறோம். நல்ல நிலையிலுள்ள பழைய நிலப்பட நூல்களையும் தாவர நூல்களையும் பிரித்து, ஒவ்வொரு தாளாகச் சட்டம் போட்டு விற்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இது புதிதும் இல்லை. 1769-இல் ஜேம்ஸ் கிரேஞ்சரின் இங்கிலாந்து வாழ்க்கை வரலாற்று நூல் வந்த பிறகு, அதில் ஒட்டுவதற்காக மற்ற நூல்களிலிருந்து உருவப்படங்களைக் கிழிப்பது பணக்காரர்களின் மோகமாகவே ஆகிப்போனது. இவர்கள் எல்லோரும் முழுப்புத்தகத்தைக் கொன்று தாளை எடுக்கிறவர்கள். அப்படி வந்த தாளை நாங்கள் வாங்க மாட்டோம், இனாமாகக் கொடுத்தாலும் எடுக்க மாட்டோம்.

முன்னோர்

எங்களுக்கு முன்னோர் உண்டு. கலை வரலாற்று நூல்கள் 1912-இல் பிக்காசோவும் பிராக்கும் ஓவியத்தில் தாளும் துணியும் ஒட்டியதிலிருந்து தொடங்கும். அந்த மரியாதை அவர்களுக்கு உரியதுதான். நாங்கள் இன்னும் பின்னால் போய், மேரி டெலனி என்ற ஆங்கிலேய மூதாட்டியிடம் தொடங்குகிறோம்.

டெலனி பிறந்தது 1700-இல். கணவரை இழந்து, தோழியான போர்ட்லாண்ட் சீமாட்டியின் வீட்டில் தங்கியிருந்தபோது, 1772-இல், 72 வயதில், வண்ணத்தாளை வெட்டிப் பூக்கள் செய்யத் தொடங்கினார். கறுப்புத் தாளின் மேல், இதழுக்கு இதழ், நரம்புக்கு நரம்பு, வெட்டி ஒட்டியவை. ஒரே ஒரு பூவுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட துண்டுகள் போனதுண்டு. பத்தாண்டுகளில் 985 தாவரங்கள். ஆயிரம் முடிக்க நினைத்திருந்தார். பார்வை மங்கி நிறுத்த நேர்ந்தது. பத்துத் தொகுதிகளும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவர் வெட்டியது வெறும் வண்ணத்தாளை. பழைய படங்களை இல்லை. ஆனாலும் எங்கள் முதல் ஆசான் அவர்தான். காரணம் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது: தாவரத்தின் பெயர், செய்த நாள், இடம், செடியைக் கொடுத்தவர் பெயர் என்று எழுதி வைத்தார். கலைப்பொருளுக்குப் பிறப்புக் குறிப்பு எழுதுவது எப்படி என்று அவரிடம் கற்றோம்.

பழைய நூல் படங்களைக் கொண்டு இன்னொரு உலகத்தையே கட்டியவர் மாக்ஸ் எர்ன்ஸ்ட். 1933-இல் இத்தாலியில் ஒரு கோட்டையில் விருந்தாளியாகத் தங்கியிருந்த மூன்று வாரங்களில், 19-ஆம் நூற்றாண்டு மலிவு நாவல்களின் மரச்செதுக்குப் படங்களையும் அறிவியல் நூல்களின் படங்களையும் வெட்டி, 182 படங்கள் செய்தார். அடுத்த ஆண்டு பாரிஸில் ‘யூன் ஸெமேன் து பாந்தே’ என்ற பெயரில் ஐந்து சிறு நூல்களாக வந்தன. ஞாயிறு முதல் சனி வரை கிழமை வாரியாகப் பகுத்த நூல் அது, கிழமைக்கொரு பூதம். திங்கட்கிழமைக்குத் தண்ணீர்: கனவான்களின் படுக்கையறைக்குள் வெள்ளம் புகுந்துவிடும். செவ்வாய்க்கு நெருப்பு: வரவேற்பறைச் சீமாட்டிகளின் முதுகில் சிறகு முளைத்திருக்கும், தரைவிரிப்பில் வேதாளப் பாம்புகள் நெளியும். மலிவு நாவலின் படங்களில் ஏற்கெனவே கொலையும் மயக்கமும் கண்ணீரும் இருந்தன. எர்ன்ஸ்ட் அவற்றுக்குள் ஒரு பறவைத்தலையையோ சிறகையோ வைத்தார், அவ்வளவுதான். அந்த ஒன்றாலேயே அறை முழுக்க உண்மையைச் சொல்லத் தொடங்கிவிடும். ஐரோப்பா ஹிட்லரை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆண்டு அது என்பதை மறக்க வேண்டாம்.

எர்ன்ஸ்ட் ஒட்டிய தடம் தெரியாமல் பிளாக் எடுத்து அச்சிட்டார். பார்ப்பவருக்கு எங்கே ஒரு படம் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்றே தெரியாது. பெர்லினின் ஹன்னா ஹோஹ் நேரெதிர். 1916 முதல் பத்தாண்டுகள் பெரிய பதிப்பகம் ஒன்றில் பெண்கள் இதழ்களுக்குப் பின்னல், தையல் மாதிரிகள் வரையும் வேலை அவருடையது. அந்த மாதிரித் தாள்களையும் பத்திரிகைப் படங்களையும் வெட்டி, வெட்டுத்தடம் பளிச்சென்று தெரியும்படி ஒட்டினார். அவருடைய புகழ்பெற்ற படத்தின் தலைப்பிலேயே சமையலறைக் கத்தி வருகிறது. எங்கள் சாய்வு ஹோஹ் பக்கம். தடத்தை மறைக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் இரண்டு கைகள் சந்தித்த இடம் தெரிவதில் ஒரு நேர்மை இருக்கிறது என்று நினைக்கிறோம்.

நியூயார்க்கின் ஜோசப் கார்னெலையும் சொல்ல வேண்டும். கலைப்பள்ளி போகாதவர், துணி வியாபாரத்தில் விற்பனையாளராக இருந்தவர், தாயையும் உடல்நலம் குன்றிய தம்பியையும் பார்த்துக்கொண்டு குவீன்ஸ் பகுதியில் ஒரு சிறு வீட்டில் வாழ்ந்தவர். 1931-இல் எர்ன்ஸ்டின் ஒட்டுப்படங்களைப் பார்த்தபிறகு, வீட்டார் தூங்கியதும் சமையலறை மேசையில் பழைய படங்களை வெட்டத் தொடங்கினார். வேலையும் வீட்டுப் பொறுப்பும் இருக்கிறவர்களால் முடியாது என்று யாராவது சொன்னால் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் நாள்தோறும்

சங்கீதக்காரர் விடியற்காலையில் செய்யும் சாதகத்தை யாரும் கச்சேரி என்று சொல்வதில்லை. அவரும் அதைப் பதிவு செய்து கைதட்டல் எதிர்பார்ப்பதில்லை. நாங்கள் நாள்தோறும் ஒன்று செய்வது அந்த மரபில்தான். நல்ல நாளில் நல்ல படம் வரும். மற்ற நாட்களில் கை பழகும், கண் கூர்மையாகும். வருஷத்துக்கு ஒருமுறை பெரிதாகச் செய்யலாம் என்று காத்திருப்பவர் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டே இருப்பார், ஒட்ட மாட்டார். பெட்டிபெட்டியாக வெட்டி வைத்த துண்டுகளோடு வாழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். நாளுக்கொன்று என்ற விதி அந்தப் பேராசையை உடைக்கிறது: இன்று கையிலிருக்கும் கொக்கும் தையல் இயந்திரமும் குடையும்தான் இன்றைய படம். வேறு தேடக் கூடாது.

அளவு அஞ்சலட்டை. நேரம் உங்கள் வசதி, ஆனால் தொடங்கிய அன்றே முடிக்க வேண்டும். மறுநாள் திருத்தக் கூடாது. பிடிக்கவில்லை என்று கிழிக்கவும் கூடாது. அந்தத் தாளில் உங்கள் உழைப்பு மட்டும் இல்லை, பெயர் தெரியாத ஒருவரின் உழைப்பும் இருக்கிறது.

கைத்தொழில் பற்றிச் சில வார்த்தைகள். கத்தரியை அசைக்காமல் தாளைத் திருப்புங்கள். உள்துளைகளைப் பிளேடால் முதலில் எடுத்துவிட்டு வெளிவிளிம்புக்கு வாருங்கள். கொக்கின் கால், மானின் கொம்பு போன்ற மெல்லிய பகுதிகளைக் கடைசிக்கு விடுங்கள். பழுப்புத்தாள் ஒடியும் என்று தோன்றினால், வெட்டும் முன்பே பின்பக்கம் மெல்லிய தாள் ஒட்டிக் காயவிடுங்கள். பசைக்கு மைதாக் கஞ்சி காய்ச்சுவது போதும். பைண்டர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள்; குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டாம், அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளலாம். ஃபெவிகால் ஒட்டினால் ஒட்டினதுதான். மாவுப்பசையை நாளை யாராவது தண்ணீர் தொட்டுப் பிரித்தெடுக்க முடியும். ஈரம் பட்டதும் தாள் அகலவாக்கில் விரியும். அதனால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவி, ஒட்டியபிறகு கனமான புத்தகத்தின் கீழ் இரவு முழுக்க வையுங்கள். மரச்செதுக்குப் படத்தோடு புள்ளிப்புள்ளியான ஹாஃப்டோன் படத்தைச் சேர்க்கும்போது மட்டும் இருமுறை யோசியுங்கள். கோடும் புள்ளியும் எளிதில் ஒத்துப்போவதில்லை.

எதைச் செய்ய மாட்டோம்

பழைய நூல்களில் எல்லாப் படமும் களங்கமற்றது இல்லை. 1909-இல் எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 7 தொகுதிகள் வெளியிட்டார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் அவர். மனிதர்களின் மண்டையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தவர். அந்தத் தொகுதிகளின் புகைப்படங்களில் இருப்பவர்கள் நம் முன்னோர். படத்தின் கீழே பெரும்பாலும் சாதியின் பெயர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. அந்த முகத்தை வெட்டி அதில் பூச்சி இறகு ஒட்டுவது அழகுக்காக என்றால், அது தர்ஸ்டன் செய்ததையே மறுபடி செய்வதாகும். மாதிரிப் பொருளாக நிறுத்தப்பட்ட எந்த மனிதரையும் நாங்கள் அலங்காரமாக்க மாட்டோம். அந்தப் படங்களைக் கையிலெடுத்தால், அளந்தவரை விசாரிக்கும் நோக்கத்தோடு மட்டுமே எடுப்போம். முகத்தின் மேல் கத்தரி படாது.

சொற்களைத் தட்டினால் படம் தரும் கணினிக் கருவிகள் வந்துவிட்டன. மரச்செதுக்குப் பாணியில் கேட்டாலும் கொடுக்கும். அதை எங்கள் படங்களில் சேர்க்க மாட்டோம். எங்கள் ஒவ்வொரு துண்டும் எந்த நூலின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று காட்ட முடியும். அந்தக் கருவி தரும் கொக்கு யாருடைய கையிலிருந்து வந்தது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. யார் கை என்று கேட்பதற்காகத் தொடங்கிய இயக்கத்தில் அதற்கு இடமில்லை.

உரிமையுள்ள படைப்பைத் திருட மாட்டோம். இந்தியச் சட்டப்படி, ஓவியர் மறைந்த அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். ‘பொன்னியின் செல்வ’னுக்குக் கல்கி இதழில் வரைந்த மணியம் மறைந்தது 1968-இல். அந்தக் கணக்கில் 2028 முடியும்வரை அவருடைய வந்தியத்தேவனைப் பார்த்து ரசிப்போம், வெட்ட மாட்டோம்.

செய்த படத்தை விற்கலாமா என்று எங்களுக்குள்ளேயே நீண்ட விவாதம் நடந்தது. விற்கலாம் என்று முடிவு செய்தோம். ஆனால் பின்பக்கக் குறிப்பை அழித்து விற்கக் கூடாது.

அழைப்பு

இந்த இயக்கத்துக்குத் தலைவர் இல்லை, சந்தா இல்லை, உறுப்பினர் அட்டையும் இல்லை. மேலே சொன்ன விதிகளை ஏற்று நாளுக்கொரு படம் செய்பவர் எவரும் இயக்கத்தவர்தான். பல ஊர்களின் பொது நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, அங்கே ஒரு மேசையையும் கொஞ்சம் பசையையும் வைத்துக்கொண்டு கூடுங்கள். அவரவர் செய்ததை எடுத்து வாருங்கள். முன்பக்கத்தைக் காட்டும் முன் பின்பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். எங்கள் கூட்டங்களில் அதுதான் வழக்கம்.

நூலகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கழிவுப் பட்டியலில் சேர்ந்த படநூல்களை எடைக்குப் போடும் முன் உங்கள் ஊர் வாசகர் வட்டத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். காப்பாற்ற வேண்டியது எது, வெட்டத்தக்கது எது என்று உங்களோடு உட்கார்ந்து பிரிக்க வருகிறோம். எடைக்கு என்ன விலையோ அதைக் கொடுத்துவிடுகிறோம். ஆசிரியர்கள் வகுப்பில் இதைச் செய்ய விரும்பினால் அச்செடுத்த படங்களோடு தொடங்குங்கள்; குழந்தை முதலில் கற்க வேண்டியது கொக்கின் வயிற்றைத் தேடுவதை. புத்தகத்தின் மேல் கத்தரி வைப்பது பிறகு வரட்டும்.

வாசகரே, உங்கள் வீட்டுப் பரணில் அட்டை போன, முதல் பக்கம் கிழிந்த ஒரு படநூல் இருக்கும். அது அரிய நூலா என்று முதலில் விசாரியுங்கள். இல்லை என்று உறுதியானால் இன்றிரவே ஒரு படத்தை வெட்டுங்கள், ஒட்டுங்கள். படத்தின் பின்பக்கத்தில் நூலின் பெயர், ஆண்டு, பக்கம், வரைந்தவர் அல்லது செதுக்கியவர் பெயர், உங்கள் பெயர், இன்றைய தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். நாளைக்கு இன்னொன்று செய்யுங்கள்.